ஒரே தாய், ஒரே பாட்டில், ஆனால் சில கன்று மட்டும் குட்டை: திசு வாழையில் ஏன் இப்படி?

கேள்வி | 2024 ஜூன் 9

ஒரே தாய்க்கிழங்கிலிருந்து எடுத்தது என்று சொல்லித்தான் கன்று கொடுத்தார்கள். கேவண்டிஷ் ரகம். நட்டு மூன்று மாதம் ஆகிறது. பெரும்பாலானவை ஒரே உயரம். இடையிடையே சில மட்டும் குட்டையாக, இலையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று அடைந்துபோய் நிற்கின்றன. திசு வளர்ப்பு என்றால் அச்சு அசலாக ஒன்றுபோல் வரும் என்றுதானே சொல்கிறார்கள்? அப்படியானால் வேறு ரகத்தைக் கலந்து ஏமாற்றிவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்?

ஜூன் 9, இரவு

கலந்திருக்கலாம். ஆனால் நீங்கள் சொல்கிற அடையாளத்தைப் பார்த்தால் அது இரண்டாவது சந்தேகமாகத்தான் இருக்க வேண்டும். கேவண்டிஷ் வாழையைத் திசு வளர்ப்பில் பெருக்கும்போது அதிகம் தலைகாட்டுகிற மாற்றுரு இந்தக் குட்டைதான். எந்த நாட்டில் செய்தாலும் வரும். ஒரே தாய், ஒரே வளர்ப்பு ஊடகம், ஒரே பாட்டில், ஆனாலும் வரும்.

இன்னொரு முறை போய்ப் பாருங்கள். குட்டைக் கன்றில் இலைக்காம்பு கட்டையாக, தடித்து இருக்கும். இலையின் நீளத்தை அகலத்தால் வகுத்தால் பக்கத்துக் கன்றைவிடக் குறைவாக வரும். அதாவது இலை உருண்டை வாக்கில் போகும். காம்பு நீளாததால் இலைகள் பிரிந்து நிற்க இடமில்லாமல் உச்சியில் ரோஜாப்பூ மாதிரி குவியும். தார் தள்ளும்போது கழுத்தில் சிக்கிக்கொண்டு, சீப்புகள் ஒன்றோடொன்று நெருக்கியடித்து வரும். அப்படித்தான் இருக்கிறது என்றால் வேறு ரகம் கலந்ததாக இருக்காது. உங்கள் ரகமே மாறிவிட்டது.

ஆய்வகத்துக்குப் போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: தாய்க்கிழங்கு எந்த மரத்தில் எடுத்தது, அந்த மரத்தின் தாரைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தார்களா, உங்கள் கன்று எத்தனையாவது சுற்று (அதாவது எத்தனை முறை வெட்டி அடுத்த பாட்டிலுக்கு மாற்றியது). பதில் தெரிந்த பிறகு ஏமாற்று வேலையா இல்லையா என்று பேசலாம்.

ஜூன் 10, காலை

"நகல் என்றால் எப்படி மாறும்" என்று கேட்பவர்களுக்காக.

திசு வளர்ப்பு என்று ஒரே பெயரில் சொல்கிறோம், உள்ளே குறைந்தது இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, செடியில் ஏற்கெனவே இருக்கிற நுனி மொட்டையோ கணு மொட்டையோ எடுத்து அதையே கிளைக்க வைப்பது. இன்னொன்று, ஒரு திசுத் துண்டை ஆக்சின் என்ற ஹார்மோன் கொடுத்துத் திரளவைத்து, அந்த உருவமில்லாத கேலஸிலிருந்து புதிதாகத் தளிரையோ கருவையோ வரவழைப்பது. முதல் வழியில் செடியின் ஒழுங்கு பெரும்பாலும் குலையாமல் இருக்கும். இரண்டாவது வழியில் செல்கள் தாங்கள் இலையா தண்டா என்பதையே விட்டுவிட்டுப் பிரிந்துகொண்டே போகின்றன. மாற்றம் நிறைய நுழைவது அங்கேதான். புரோட்டோபிளாஸ்ட், அதாவது சுவர் நீக்கிய ஒற்றைச் செல்லிலிருந்து செடி எழுப்பினால் இன்னும் மோசம்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. முராஷிகேயும் நகானோவும் 1967-லேயே, வளர்ப்பில் வயது ஏற ஏறப் புகையிலைக் கேலஸின் குரோமோசோம் எண்ணிக்கை தாறுமாறாவதையும், அத்தோடு செடி எழுப்பும் திறன் குறைவதையும் காட்டினார்கள். ஹவாயில் கரும்பில் ஹைன்ஸும் மீயும், கேலஸிலிருந்து வந்த செடிகள் ஒன்றுபோல் இல்லை என்று எழுதினார்கள். 1981-இல் ஆஸ்திரேலியாவின் லார்கினும் ஸ்கோக்ராஃப்டும் இவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்து 'சோமாகுளோனல் வேறுபாடு' என்று பெயர் வைத்தார்கள். அதுவரை பலர் இதைக் கைக்குற்றம் என்று ஒதுக்கிவிட்டு, ஒழுங்காக வந்த செடியை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இது பயிர் மேம்பாட்டுக்கே மூலப்பொருள் ஆகலாம் என்று அந்த இருவர் சொன்னதுதான் திருப்பம்.

ஜூன் 10, மாலை

"அப்படியானால் வாழை மொட்டு வழிதானே, ஏன் மாறுகிறது?" நல்ல கேள்வி. காலையில் நான் பிரித்துக் காட்டிய அளவுக்கு நிஜத்தில் கோடு தெளிவாக இல்லை.

வாழை நுனி மொட்டைப் பிளந்து, பென்சைல் அடினைன் மாதிரி சைட்டோகைனினை, அதாவது மொட்டைத் தூண்டும் ஹார்மோனை, தாராளமாக ஊற்றினால்தான் அது பெருகும். தாராளம் கூடக்கூட, இருக்கிற மொட்டு கிளைப்பதோடு நிற்காது. அடிப்பகுதியில் புதிய இடத்திலிருந்தும் மொட்டுகள் கிளம்பும். பாட்டிலைத் தூக்கி அடியிலிருந்து பார்த்தால் கிழங்கின் ஓரமெல்லாம் வெள்ளையாகக் குருணை குருணையாக முளைத்திருக்கும். அதில் எது பழைய மொட்டின் பிள்ளை, எது புதிதாகத் திசுவிலிருந்து எழுந்தது என்று கண்ணால் பிரிக்க முடியாது. வெட்டுகிறவர் எல்லாவற்றையும் வெட்டி அடுத்த பாட்டிலில் வைத்துவிடுவார். கேலஸ் இல்லாமலே கேலஸின் ஆபத்தில் ஒரு பங்கு உள்ளே வந்துவிடும்.

ரகத்துக்கு ரகமும் வேறுபடும். ஒரே ஆள், ஒரே முறையில் செய்தாலும் ஒரு ரகத்தில் நூற்றுக்கு ஒன்றுகூட மாறாது, இன்னொன்றில் பத்துப் பத்தாக மாறும். அதனால் 'எங்கள் முறையில் இத்தனை சதவீதம்தான் மாறும்' என்று ரகத்தின் பெயர் சொல்லாமல் யாராவது எண் கொடுத்தால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

ஜூன் 12

சுற்றுக் கணக்கு. இதைச் சொல்லாமல் விட்டால் மீதி எதுவும் புரியாது.

ஒவ்வொரு மறுவளர்ப்பிலும் ஒரு மொட்டு மூன்றாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிழங்கு எட்டுச் சுற்றில் 6,561 கன்று. பன்னிரண்டு சுற்றில் 5,31,441. நாலே நாலு சுற்று கூடுதல், 81 மடங்கு கன்று! புதுத் தாய் தேடி அலைய வேண்டாம், கிருமிநீக்கம் செய்து ஆரம்பத்தில் பாதி பாட்டில் கெட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஆசை எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிகிறதா?

இப்போது மாற்றத்தை உள்ளே விடுங்கள். இரண்டாம் சுற்று முடிவில் ஒன்பது மொட்டு. அதில் ஒன்று மாறியிருந்தால் எட்டாம் சுற்றில் அதன் வாரிசு 729, மொத்தத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. அதே மாற்றம் ஏழாம் சுற்றில், 2,187 மொட்டில் ஒன்றுக்கு நடந்திருந்தால் கடைசியில் மூன்றே கன்று. நடந்தது ஒரே ஒரு மாற்றம்தான். எப்போது நடந்தது என்பதைப் பொறுத்து ஒருவர் தோட்டத்தில் 729, இன்னொருவர் தோட்டத்தில் 3. அதனால்தான் ஒரே ஆய்வகத்தில் வாங்கிய இருவரில் ஒருவர் சத்தியம் செய்து புகழ்கிறார், இன்னொருவர் வாயில் வந்தபடி திட்டுகிறார். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

இதில் இன்னொரு சிக்கல். மாறிய மொட்டு மற்றவற்றின் வேகத்திலேயே பெருகும் என்று என்ன உத்தரவாதம்? குருணை குருணையாக வேகமாக முளைக்கிற மொட்டுதான் வெட்டுகிறவருக்குப் பிடிக்கும். அந்த வேகமே மாற்றத்தின் அடையாளமாக இருந்தால், நாமே கையால் தேர்ந்தெடுத்து அதைப் பெருக்குகிறோம்.

வாழையில் எட்டுச் சுற்றோடு நிறுத்து, ஒரு கிழங்கிலிருந்து ஆயிரம் கன்றுக்கு மேல் எடுக்காதே என்றெல்லாம் வரம்பு வைப்பது இதனால்தான். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஆர்டர் குவிந்த பருவத்தில் பாட்டிலில் சுற்று எண் எழுதுவதையே நிறுத்தச் சொன்னார்கள். தேதி மட்டும் போதுமாம். எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது. எண்ணை அழித்த பிறகு எந்தக் கருவியாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஜூன் 13

பாட்டில் மேல் மட்டும் பழி போடக்கூடாது. சில மாற்றம் தாயிடமே இருக்கிறது.

முள்ளில்லாத பிளாக்பெர்ரி ஒன்று உண்டு, 'தார்ன்லெஸ் எவர்கிரீன்'. அதன் மேல்தோல் அடுக்குச் செல்களுக்கு மட்டும்தான் முள்ளில்லாத குணம். உள் அடுக்குகள் முள் குணமுள்ளவை. வேரிலிருந்து தானாகக் கிளம்பும் கன்றில் முள் வந்துவிடும், ஏனென்றால் அது உள் அடுக்கிலிருந்து வருகிறது. 1983-இல் மெக்ஃபீட்டர்ஸும் ஸ்கிர்வினும் அதைத் திசு வளர்ப்பில் போட்டு, அடுக்குகள் பிரிந்து உள்ளும் புறமும் முள்ளில்லாத செடிகளை எடுத்துக் காட்டினார்கள். வளர்ப்பு அங்கே எதையும் புதிதாக மாற்றவில்லை. ஒளிந்திருந்ததைப் பிரித்து வெளியே போட்டது.

தார் பார்த்துவிட்டுக் கிழங்கு எடுத்தார்களா என்று முதல் நாள் கேட்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜூன் 16

உள்ளே அப்படி என்னதான் மாறுகிறது என்று தனித்தனியாக மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, உட்கார்ந்து எழுதுகிறேன்.

பெரிய மாற்றம் குரோமோசோம் அளவில். எண்ணிக்கை கூடும், குறையும், துண்டாகும், ஒட்டிக்கொள்ளும். உருளைக்கிழங்கு மாதிரி நான்கு தொகுதி குரோமோசோம் வைத்திருக்கிற பயிர் ஒன்றிரண்டு போனாலும் தாங்கிக்கொள்ளும், அதனால் மாற்றம் தங்கிவிடும். 1980-இல் ஷெப்பர்டு குழு 'ரசெட் பர்பேங்க்' உருளையின் புரோட்டோபிளாஸ்ட்டிலிருந்து எழுப்பிய செடிகள் ஏன் ஒன்றுக்கொன்று அவ்வளவு வேறுபட்டன என்பதற்கு, 2019-இல் முழு ஜீனோமை, அதாவது செடியின் மொத்த டிஎன்ஏவையும், படித்துப் பார்த்த ஆய்வு ஒன்று விளக்கம் தருகிறது: அப்படி எழுப்பிய உருளைச் செடிகளில் குரோமோசோம் முழுதாகவோ பகுதியாகவோ கூடிக் குறைந்து கிடப்பது சர்வசாதாரணம்.

சின்ன மாற்றம் டிஎன்ஏ எழுத்து அளவில். ஆய்வகங்களில் அதிகம் படிக்கப்படும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் விதை வழியே ஒரு தலைமுறைக்கு, டிஎன்ஏவின் ஓர் இடம் மாறும் வாய்ப்பு ஏறத்தாழ நூறு கோடியில் ஏழு. வேர்த் திசுவிலிருந்து எழுப்பிய செடிகளை 2011-இல் படித்தபோது அது பல பத்து மடங்கு கூடியிருந்தது.

மூன்றாவது, தாவும் மரபணுக்கள். நெல்லில் டாஸ்17 என்று ஒன்று. சாதாரணச் செடியில் ஒன்றிலிருந்து ஐந்து பிரதி, வாய் திறக்காமல் கிடக்கும். கேலஸில் போட்டால் விழித்துக்கொண்டு தன்னைப் பிரதியெடுத்து, மரபணுக்களாகப் பார்த்துப் போய் உட்காரும். வளர்ப்பு நாள் நீள நீளப் பிரதி கூடும். முப்பது வரைகூடப் போகும். செடி எழுந்ததும் மறுபடி அடங்கிவிடும். ஹிரோச்சிகா குழு 1996-இல் இதைக் காட்டியது. எனக்கு இதில் பிடித்தது அடுத்து நடந்ததுதான்: ஜப்பானியர்கள் இந்தத் தொல்லையையே கருவியாக்கி, கேலஸிலிருந்து ஆயிரக்கணக்கான நெல் வரிசைகளை எழுப்பி, டாஸ்17 எந்த மரபணுவில் உட்கார்ந்து எதைக் கெடுத்தது என்று பார்த்து, அந்த மரபணுவுக்கு என்ன வேலை என்று கண்டுபிடித்தார்கள்.

நான்காவது, எழுத்து மாறாமல் எழுத்தின் மேலுள்ள மெத்தில் குறி மாறுவது. எந்த மரபணு பேச வேண்டும், எது வாயை மூட வேண்டும் என்பதில் இந்தக் குறிக்குப் பங்கு உண்டு. வளர்ப்பில் இது பல இடங்களில் உதிர்கிறது. நெல்லில் 2013-இல் வந்த ஆய்வு அப்படி உதிர்ந்தது அடுத்த தலைமுறைகளுக்கும் போகிறது என்று காட்டியது. தனித்தனியாக எழுப்பிய செடிகளில்கூடப் பல இழப்புகள் அதே இடங்களில்! அப்படியானால் இது முழுக்கக் குருட்டாம்போக்கு இல்லை. வளர்ப்பு சில இடங்களைத் திரும்பத் திரும்பத் தொடுகிறது.

இந்த நான்கும் தனித்தனி என்று நினைக்க வேண்டாம். மெத்தில் குறி உதிர்ந்தால் தாவும் மரபணு விழிக்கும், அது தாவினால் எழுத்து மாறும், ஒடிந்த இடத்தில் குரோமோசோம் பிசகும்.

ஜூன் 17

நேற்று எழுதியதில் மெத்தில் குறிக்குக் கொடுத்த இடம் போதாது. எண்ணெய்ப் பனை கதையைச் சொல்லியே ஆக வேண்டும். இந்தத் துறையில் இதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

எண்ணெய்ப் பனைக்குப் பக்கக்கன்று கிடையாது. நல்ல மரம் ஒன்று கிடைத்தால் அதைப் பெருக்கத் திசு வளர்ப்பை விட்டால் வழியில்லை. அதுவும் கேலஸ் வழிதான். 1970-களில் தொடங்கினார்கள். கன்று அழகாக வந்தது, தோட்டத்தில் தழைத்தது. இரண்டு மூன்று வருடம் கழித்துப் பூத்தபோதுதான் தெரிந்தது. சில மரங்களில் பூவின் மகரந்தத் தண்டு இருக்க வேண்டிய இடத்தில் சூலகம் மாதிரி சதை. காய் பிடித்தால் நடுக்காயைச் சுற்றிக் கூடுதல் சதை மடல் மடலாகப் போர்த்திக்கொண்டு நிற்கும். மோசமான மரத்தில் காய் முதிராமலே உதிரும், எண்ணெய் இல்லை. 1986-இல் இதைப் பதிவு செய்தார்கள். நாற்றங்காலில் எந்த அறிகுறியும் தெரியாது என்பதுதான் கொடுமை. வருடக்கணக்கில் உரம் போட்டு, நீர் பாய்ச்சி, பூத்த பிறகு வெட்ட வேண்டும்.

டிஎன்ஏ எழுத்தில் தேடித் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை. சில மரங்கள் சில வருடத்தில் தானாகவே சரியாகிவிட்டதும் குழப்பியது. எழுத்துப் பிழை என்றால் அப்படித் திருந்தாது. 2015-இல் மலேசியப் பாமாயில் வாரியமும் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகமும் சேர்ந்து விடை கண்டார்கள். பூவுறுப்பை அமைக்கிற டெஃபிஷியன்ஸ் மரபணுவின் நடுவே, இன்ட்ரான் பகுதியில் (செய்தியிலிருந்து வெட்டி எறியப்படும் பகுதி), கர்மா என்ற தாவும் மரபணு ஒன்று காலங்காலமாக உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் மெத்தில் குறி அடர்த்தியாக இருந்தால் எல்லாம் சரி. வளர்ப்பில் அந்தக் குறி உதிர்ந்தால், மரபணுவின் செய்தியை வெட்டி ஒட்டும்போது கர்மாவின் துண்டு ஒன்று உள்ளே ஒட்டிக்கொண்டு, செய்தி பாதியில் முடிந்துவிடுகிறது. பூ குழம்புகிறது. ஓர் எழுத்துகூட மாறவில்லை.

இதனால் கையில் கிடைத்த பலன் பெரிது. கர்மா மேலுள்ள குறியைச் சின்னக் கன்றின் இலையிலேயே அளந்துவிடலாம். பூக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு மாற்றுருவின் காரணத்தை ஒரு மரபணுவின் ஒரு புள்ளி வரை துரத்திப் பிடித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதுதான் சான்று. வாழைக் குட்டைக்கும் அப்படி ஒரு சோதனை வந்து எல்லா ஆய்வகத்துக்கும் எட்ட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஜூன் 19

ஒருவர் ஆய்வகம் தந்த சான்றிதழின் படத்தைப் போட்டிருக்கிறார். 'டிஎன்ஏ சோதனையில் நூறு சதவீதம் ஒத்திருக்கிறது' என்கிறது. ஆர்ஏபிடி முறை, இருபது பிரைமர். பிரைமர் என்பது டிஎன்ஏவில் தனக்குப் பொருந்தும் இடத்தில் ஒட்டும் சிறு துண்டு; இரண்டு ஒட்டிய இடங்களுக்கு நடுப்பகுதி பெருகிச் சோதனையில் பட்டையாகத் தெரியும். நல்லது, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பிரைமர் ஒன்றுக்கு ஐந்து பட்டை என்று வைத்தால் நூறு பட்டை. ஒரு பட்டை வர இரண்டு முனையிலும் பத்துப் பத்து எழுத்து பொருந்த வேண்டும். நூறு பட்டைக்கு 2,000 எழுத்து. வாழையின் ஒரு தொகுதி ஜீனோம் 50 கோடி எழுத்துக்கு மேல். அந்த இரண்டாயிரத்தில் மாற்றம் இல்லை என்பது உண்மை. இரண்டு முனைக்கு நடுவே பெரிய துண்டு நுழைந்தாலோ போனாலோ அதுவும் தெரியும், ஒத்துக்கொள்கிறேன். மீதி? எண்ணெய்ப் பனை மாதிரி குறி உதிர்ந்த கதை என்றால் இந்தச் சோதனைக்குக் கண்ணே இல்லை.

அதற்கு மேல், சோதனைக்கு எடுத்தது எத்தனை கன்று? ஜூன் 12 கணக்கைத் திரும்பப் பாருங்கள். 6,561-இல் மூன்று மாறியிருந்தால் பத்துக் கன்றைச் சோதித்து என்ன தெரியும்?

ஜூன் 20

நேற்று கொஞ்சம் வேகமாக எழுதிவிட்டேன் என்று தோன்றுகிறது. டிஎன்ஏ சோதனையே வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாட்டில் மாறி ரகம் கலந்துவிட்டதா என்று பார்க்க எஸ்எஸ்ஆர் சோதனை (ரகத்துக்கு ரகம் வேறுபடும் டிஎன்ஏ அடையாளங்களை ஒப்பிடுவது) அருமையான கருவி. தாயும் கன்றும் ஒரே ரகம்தானா என்ற கேள்விக்கு அது தெளிவாகப் பதில் சொல்லும். கேள்வி கேட்டவருக்குச் சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு குட்டைக் கன்று, ஒரு நல்ல கன்று இரண்டின் இலையையும் கொடுத்து அதைச் செய்யச் சொல்லுங்கள். குரோமோசோம் எண்ணிக்கை கலைந்திருக்கிறதா என்று பார்க்க ஃப்ளோ சைட்டோமெட்ரி இருக்கிறது. ஒவ்வொரு சோதனையும் எந்தக் கேள்விக்கு என்று தெரிந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

குட்டைக்கென்றே ஒரு பழைய வழி உண்டு: ஜிப்ரலிக் அமிலம் என்ற ஹார்மோன். சிறு கன்றுக்குக் கொடுத்தால் நல்ல கன்றின் இலையுறையும் காம்பும் விறுவிறுவென நீளும். குட்டை அந்த அளவுக்கு அசையாது. தேர்ந்த கண்ணுக்குக்கூடத் தப்புகிறது இதில் மாட்டும்.

ஆனாலும் கண்ணை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பாட்டிலிலிருந்து எடுத்த கன்றை வெளிச்சூழலுக்குப் பழக்கும் ஹார்டனிங் குடிலில் டிரே டிரேயாக நிற்கும் கன்றுகளுக்கு நடுவே நடந்துகொண்டே, குனியாமல், குட்டையையும் கீறல் விழுந்த இலையையும் பிடுங்கிப் போடுகிற பெண்களைப் பார்த்துத்தான் நான் இதைக் கற்றேன். நான்கு ஐந்து இலை வந்த பருவத்தில், காலை வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் காம்பின் நீளம் பளிச்சென்று தெரியும் என்று சொன்னதே அவர்களில் ஒருவர்தான். அந்த வேலைக்கு ஆளைக் குறைக்கிற ஆய்வகம் மாற்றுருவை நேராக விவசாயி தலையில் கட்டுகிறது. குடிலில் பிடுங்கினால் ஒரு கன்றின் நட்டம். தோட்டத்தில் என்றால் ஒரு வருட இடம், நீர், உழைப்பு.

ஜூன் 24

"என் தோட்டத்தில் சில கன்று மற்றவற்றைவிடக் கொழுகொழுவென்று வளருகிறது, பக்கக்கன்றும் ஏராளம், அதுவும் மாற்றுருவா?" என்றொரு கேள்வி.

அவசரப்பட வேண்டாம். திசு வாழைக்கு முதல் பயிரில் இப்படி ஒரு துள்ளல் உண்டு. பாட்டிலில் குடித்த சைட்டோகைனினின் மிச்சமும், நோயில்லாத தொடக்கமும் சேர்ந்து செய்வது. மறுதாம்பில், அதாவது பக்கக்கன்றிலிருந்து வரும் அடுத்த பயிரில், அடங்கிவிடும். மறுதாம்பிலும் அப்படியே நின்றால்தான் மாற்றம் என்று பேச ஆரம்பிக்கலாம். குட்டைக்கும் இதுவே உரைகல்: அதன் பக்கக்கன்றும் குட்டையாக வந்தால் சந்தேகமே இல்லை.

நோயையும் மாற்றுருவையும் குழப்பிக்கொள்வதும் நடக்கிறது. வாழையில் இன்னொரு மாற்றுரு உண்டு. இலை குறுகி, தடித்து, தொட்டால் ரப்பர் மாதிரி, ஓரம் நெளிந்து, வெளிறிய திட்டுகளோடு வரும். தூரத்தில் பார்த்தால் தேமல் வைரஸ் போலவே இருக்கும். பக்கத்துச் செடிக்குப் பரவாது என்பதுதான் பெரிய வித்தியாசம். ஆனால் அதற்காகக் காத்திருந்து பார்க்காதீர்கள். வைரஸ் சோதனைக்கு இலை அனுப்புங்கள். இரண்டில் எதுவானாலும் அந்தக் கன்று தோட்டத்தில் இருக்கக்கூடாது.

இன்னொன்று, பலருக்கு நம்பவே வராது. வாழைக் கோடு வைரஸின் மரபணுத் துண்டுகள், மூசா பால்பிசியானா என்ற காட்டு வாழையின் வழிவந்த ஜீனோமிலேயே பொதிந்து கிடக்கின்றன. அந்த வழி கலந்த சில கலப்பின வாழைகளைத் திசு வளர்ப்பில் போட்டால், அந்தத் துண்டுகள் விழித்து முழு வைரஸாக வெளிவருகின்றன. வைரஸ் இல்லாத தாய், சுத்தமான பாட்டில், ஆனாலும் கன்றில் வைரஸ்! தொண்ணூறுகளின் கடைசியில் இது உறுதியானது. கேவண்டிஷ் வைத்திருப்பவர்கள் இதற்குப் பயப்பட வேண்டாம், அதில் அந்த வழி இல்லை.

ஜூன் 28

இழை முழுக்கக் குறையே சொல்லிவிட்டேன். மறுபக்கம் சொல்லாவிட்டால் நியாயமாகாது.

கேவண்டிஷ் வாழைக்கு விதை இல்லை, மூன்று தொகுதி குரோமோசோம், ஒட்டுக்கலப்பு செய்து ரகம் எடுப்பது குதிரைக்கொம்பு. ஃபுசேரியம் வாடல் என்ற மண்வழிப் பூஞ்சை நோய் தைவானில் தோட்டங்களை அழித்தபோது, அங்குள்ள வாழை ஆராய்ச்சி நிலையம் திசு வளர்ப்புக் கன்றுகளை நோய் நிறைந்த நிலத்திலேயே நட்டு எது தப்புகிறது என்று பார்த்தது. தப்பியவற்றில் பல, வேறு விதத்தில் உதவாதவை: தார் சிறுத்தது, காலம் நீண்டது. விடாமல் அவற்றைத் திரும்ப வளர்ப்பில் போட்டு, திரும்ப நட்டு, திரும்பத் தேர்ந்தார்கள். அப்படி வந்ததுதான் ஜிசிடிசிவி-218, ஃபார்மோசானா. முழு எதிர்ப்பு இல்லை, ஆனால் நோயுள்ள மண்ணில் பயிர் எடுக்க முடிகிறது. மாறாத நகலை மட்டும் வேண்டியிருந்தால் இது கிடைத்திருக்குமா?

ஃபிஜியில் பிண்டார் என்ற கரும்பின் கேலஸிலிருந்து, ஃபிஜி நோயைத் தாங்கும் ஓனோ வந்தது. இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் நரம்புநஞ்சு குறைந்த கேசரிப் பயறு ரகமான ரத்தனை இந்த வழியில்தான் எடுத்தது.

எல்லாவற்றையும்விட என்னை அசத்தியது மக்காச்சோளம். 1970-இல் அமெரிக்காவில் இலைக்கருகல் நோய் பயிரை வாரிக்கொண்டு போனது. காரணம், விதை உற்பத்திக்கு வசதியாக எல்லோரும் 'டெக்சாஸ்' ஆண்மலட்டு சைட்டோபிளாசத்தையே (மகரந்தம் வராமல் செய்கிற, தாய் வழியாக வரும் செல்பகுதி) பயன்படுத்தியது. மின்னசோட்டாவில் கெங்கன்பாக், கிரீன் குழு அந்தச் சோளத்தின் கேலஸை நோய்ப்பூஞ்சையின் நஞ்சிலேயே வளர்த்து, பிழைத்ததிலிருந்து செடி எழுப்பியது. செடிகள் நஞ்சைத் தாங்கின, ஆனால் மகரந்தமும் வந்துவிட்டது. மலட்டுத்தன்மை போயே போச்சு. குணம் தாய் வழியாக மட்டும் போனது. பின்னாளில் மைட்டோகாண்ட்ரியாவில் டி-அர்ஃப்13 என்ற மரபணு தெரியவந்தபோது முடிச்சு அவிழ்ந்தது: மலட்டுத்தன்மைக்கும் நஞ்சுக்குப் பலியாவதற்கும் அது ஒன்றே காரணம். வளர்ப்பில் அந்த மரபணு சிதைந்த செல்கள் மட்டும் பிழைத்திருந்தன. வேண்டியது கிடைத்தது, வேண்டாததும் கூடவே வந்தது. நஞ்சே கொடுக்காமல் எழுப்பியவற்றிலும் இதே மாற்றம் தலைகாட்டியது இன்னொரு வியப்பு.

எண்பதுகளில் பலர் நம்பியதுபோல இதுவே பயிர்ப்பெருக்கத்தை மாற்றிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். வருகிற மாற்றங்களில் பெரும்பாலானவை உதவாதவை, பல நிலைக்காதவை. வேறு வழி அடைபட்ட பயிர்களுக்கு, பெரிய நிலமும் பொறுமையும் உள்ளவர்களுக்கு இது ஒரு வாசல்.

ஜூலை 2

மாறாமல் சேமிப்பது எப்படி என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. பெல்ஜியத்தின் லூவன் நகரில் உலக வாழைச் சேகரம் இருக்கிறது. 1500-க்கும் மேற்பட்ட வகைகள். 16 டிகிரி குளிரில் மெதுவாக வளரவிட்டு மறுவளர்ப்பைக் குறைக்கிறார்கள். அதுவும் போதாது என்பதால் மொட்டுகளைத் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் உறைய வைக்கிறார்கள். அங்கே செல் பிரிவதே இல்லை. அத்தோடு, வளர்ப்பில் நெடுநாள் இருந்தவற்றை நிலத்தில் நட்டு, ரகம் ரகமாகத்தான் இருக்கிறதா என்றும் சரிபார்க்கிறார்கள். உலகச் சேகரமே நட்டுப் பார்த்துத்தான் நம்புகிறது.

ஜூலை 6

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து எழுதியிருப்பது: குட்டைக் கன்றுகள் முழுக்கவும் ஒரே பேட்ச் எண் போட்ட டிரேக்களில் வந்தவை, மற்ற இரண்டு பேட்சில் ஒன்றுகூட இல்லை, அந்த பேட்சுக்கு மட்டும் எத்தனையாவது சுற்று என்று ஆய்வகத்தால் சொல்ல முடியவில்லை, எஸ்எஸ்ஆரில் இரண்டு இலையும் ஒரே ரகம்.

அப்படியானால் ரகக் கலப்பு இல்லை. ஒரு கிழங்கின் வரிசையில் முன்கூட்டியே ஒரு மொட்டு மாறி, அது எல்லாச் சுற்றிலும் கூடவே பெருகி வந்திருக்கிறது. ஆய்வகத்திடம் 'ஏமாற்றினீர்கள்' என்று சண்டைக்குப் போகாதீர்கள்; அதில் அவர்கள் எளிதாகத் தப்பிவிடுவார்கள். சுற்று எண் ஏன் இல்லை, குடிலில் ஏன் பிடுங்கவில்லை என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். அந்த பேட்ச் வாங்கிய மற்றவர்களுக்குத் தகவல் போக வேண்டும், அந்த வரிசையின் பாட்டில்கள் அழிக்கப்பட வேண்டும். மாற்றுக் கன்று கேட்பது உங்கள் உரிமை.

குட்டைகளைக் கிழங்கோடு எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பக்கக்கன்றாக மறுபடி வரும். இப்போது மாற்றுக் கன்று வைத்தால் வயது பிந்தி, நிழலில் மாட்டிக்கொள்ளும். அதனால் வரிசையின் ஓரங்களில் மட்டும் வையுங்கள். நடுவில் விழுந்த இடங்களுக்குப் பக்கத்து நல்ல மரத்தின் பக்கக்கன்றை விட்டுக்கொள்ளலாம்.

காற்று அதிகமுள்ள இடமாக இருந்தால், சாயாமல் நிற்கிறதா என்று பார்க்க ஒன்றிரண்டு குட்டையை அடையாளம் கட்டித் தனியாக விட்டுப் பாருங்கள் என்று ஒருவர் கீழே சொல்லியிருக்கிறார். நல்ல யோசனைதான். தார் எப்படி வருகிறது, மறுதாம்பு எப்படி நிற்கிறது என்று பார்த்து இங்கேயே எழுதுங்கள்.